அந்த நாவலை நான்தான் கொடுத்தேன்

புத்தகத்தை மேசைமேல் வைப்பதற்கு முன் அவர் தன் கைக்குட்டையால் மேசையைத் துடைத்தார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். நூலகத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் பாதி மீதமிருந்தது. அவர் வந்து நின்றதும் மூடி வைத்துவிட்டேன். வெளியே குழாயடியில் பிள்ளைகள் டப்பா கழுவும் சத்தம். தண்ணீர் தெளித்து விளையாடியவர்களை யாரோ அதட்டினார்கள்.

"வணக்கம் டீச்சர். நான் ஹேமலதாவோட அப்பா. ஒம்பதாவது பி செக்‌ஷன்."

இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. பாக்கெட்டில் இரண்டு பேனாக்கள், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. எங்கள் ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"இது உங்க லைப்ரரி புக்குதானே?"

"ஆமா சார்."

"எம் பொண்ணும் அவங்க அம்மாவும் வீட்ட வுட்டுப் போயி நாலு நாள் ஆவுது. போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன். இந்த புக்கு என் மனைவியோட பொடவைக்கு அடியில இருந்துது. உள்ள உங்க கையெழுத்துல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு."

ஒட்டியிருந்தது. 'ஹேமா, இதைக் கடைசிவரை படி. லைப்ரரி மிஸ்.' மஞ்சள் சீட்டு, என் கையெழுத்து, கீழே நான் வழக்கமாகப் போடும் சின்னப் பூ.

"தப்பான எடத்துல எல்லாம் கோடு போட்டு வச்சிருக்கேன். நிதானமாப் பாருங்க," என்றார். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

பக்கங்களைப் புரட்டினேன். பத்துப் பதினைந்து இடங்களில் சிவப்புக் கோடுகள். எல்லாமே ஸ்கேல் வைத்துப் போட்டவை. நூல் பிடித்த மாதிரி நேராக, ஒன்றுக்கொன்று இணையாக. ஒரு கோடுகூட எழுத்தைத் தொடவில்லை.

இப்படிப்பட்ட கோடுகளை அதற்கு முன்பே நான் ஓரிடத்தில் பார்த்திருந்தேன். எங்கே என்று சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

பட்டியல் கேட்டவர்களுக்கு

கோடை விடுமுறை வருகிறது, பிள்ளைகள் படிக்க நல்ல நாவல்களாக ஒரு பட்டியல் கொடுங்கள் என்று வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பெண்கள் பள்ளியில் நூலகராக இருந்தவள், இந்தத் தொடரில் வாராவாரம் புத்தகங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவள், ஒரு பட்டியல்கூடக் கொடுக்காமல் இருக்கலாமா என்று அவர்கள் கேட்பது நியாயம்தான்.

கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். வருஷா வருஷம் முழுப் பரீட்சைக்கு முந்தைய வாரம் இரண்டு தாளில் எழுதி, நூலக வாசலில் ஒட்டுவேன். பிறகு வாட்ஸ்அப் வந்தது. அதிலிருந்து எனக்கு நிம்மதி போனது. நான் எழுதிய பட்டியல், என் பெயர் இல்லாமல், யாரோ சேர்த்த நாலு நாவல்களோடு எனக்கே திரும்பி வரும். தெரியாத எண்களிலிருந்து போன் வரும்.

"மிஸ், பையன் ஆறாவது போறான். ஒரு நாவல் சொல்லுங்க. மார்க்குக்கும் யூஸ் ஆவணும்."

"பொண்ணுக்குப் பதினாலு வயசு. லவ்வு கிவ்வு இல்லாததா ஒண்ணு சொல்லுங்க."

பதினாலு வயதுப் பெண்ணுக்கு அது இல்லாத நாவலைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த அம்மாவுக்கு நான் எப்படிச் சொல்வேன்?

பிள்ளைகள் கேட்பது வேறு மாதிரி. அவர்கள் நேராக விஷயத்துக்கு வருவார்கள். ஏழாவது படித்த ஒருத்தி, எந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தாலும் முதலில் ஒன்று கேட்பாள். "இதுல நாய் இருக்கா மிஸ்?" இருக்கிறது என்றால், "அது சாவுதா?" சாகிறது என்றால் புத்தகம் திரும்ப என் மேசைக்கு வந்துவிடும். மூன்று வருஷம் அவளுக்காகவே நாய் பிழைக்கும் நாவல்களாகத் தேடினேன். தமிழில் அப்படி அதிகம் இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வயதைப் பார்த்துப் புத்தகம் கொடுக்கக் கூடாது, முகத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது என் கொள்கை. இதை ஆசிரியர்கள் ஓய்வறையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். "லைப்ரரி மிஸ் மூஞ்சப் பாத்தே கண்டுபுடிச்சிடுவாங்க" என்று பிள்ளைகளும் பேசிக்கொள்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மதாமின் கொண்டை ஊசிகள்

இந்தக் கொள்கை எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், எங்கள் தெருவில் எல்லோரும் மரியாதையாக 'மதாம்' என்று கூப்பிட்ட ஓர் அம்மாள் ஞாபகத்துக்கு வருகிறார். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இறந்தவர். மாதம் பிறந்தால் பென்ஷன் வரும். மதாமுக்குத் தமிழ்ப் பத்திரிகைகள் என்றால் உயிர். தொடர்கதைகளைக் கிழித்து, ஊசி நூலால் தைத்து, காக்கி அட்டை போட்டு அலமாரியில் அடுக்கி வைத்திருப்பார். எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது. அவரிடம் இரவல் வாங்கிப் படிப்பேன்.

கொடுக்கும்போது, நான் படிக்கக் கூடாத பக்கங்களைத் தன் கொண்டை ஊசியால் சேர்த்துக் குத்திக் கொடுப்பார். ஒரு தொடர்கதைக்கு ஏழெட்டு ஊசிகள்கூட இருக்கும். அவருடைய தலையில் ஊசி குறைந்து கொண்டை சரிந்து கிடந்தால், அன்றைக்கு நல்ல கதை கிடைக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் ஊசி குத்திய பக்கங்களைத்தான் படிப்பேன். படித்துவிட்டு அதே ஓட்டையில் திரும்பக் குத்தி வைப்பேன். பெரிதாக ஒன்றும் இருக்காது. யாராவது யாருடைய கையையாவது பிடித்திருப்பார்கள்.

அப்போதே ஒன்று முடிவு செய்தேன். நான் பெரியவளாகிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்தால் ஊசி குத்தாமல் கொடுப்பேன். நூலகரான பிறகு அப்படித்தான் கொடுத்தேன். அடி உதை இருக்கும் கதை, குடும்பம் பிரியும் கதை, எதையும் ஒளித்து வைக்கவில்லை. பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் நடப்பது கதையிலும் நடந்தால் அவர்களுக்குத் தெம்பு வரும் என்று நம்பினேன். முழுதாக நம்பினேன்.

வலது முழங்கை

ஹேமா அரியாங்குப்பத்திலிருந்து வருவாள். காலையில் அவள் அப்பா பைக்கில் கொண்டுவந்து விடுவார், சாயங்காலம் பஸ். நன்றாகப் படிக்கும் பெண். நூலகத்துக்கு வந்தால் பேசவே மாட்டாள். துப்பறியும் கதைகள் எடுப்பாள், இரண்டு நாளில் திருப்பித் தருவாள். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும்.

ஒன்பதாவது சேர்ந்த வருஷம், மழைக்காலம் தொடங்கும் சமயம். மேல் அடுக்கில் இருந்த ஒரு புத்தகத்தை எடுக்கக் கையை உயர்த்தினாள். சட்டையின் கை மேலே ஏறியது. முழங்கைக்கு மேலே, உட்பக்கச் சதையில், நாலு கோடுகள். சிவப்பு ஆறிக் கறுத்துக்கொண்டிருந்த கோடுகள். நூல் பிடித்த மாதிரி நேராக, ஒன்றுக்கொன்று இணையாக. இரும்பு ஸ்கேலின் ஓரத்தால் அடித்தால்தான் அப்படி விழும்.

நான் பார்த்ததை அவள் பார்த்தாள். கையை இறக்கிக்கொண்டாள்.

நூலகக் கதவுக்குப் பக்கத்திலேயே, பிள்ளைகளை யாராவது துன்புறுத்தினால் அழைக்க வேண்டிய எண் அச்சடித்த போஸ்டர் இருந்தது. அதை ஒட்டியதே நான்தான். நாலு முனையிலும் டேப் போட்டு, காற்றில் கிழியாமல் ஒட்டியிருந்தேன்.

அன்றைக்கு நான் என்ன செய்தேன்? அவளை உட்காரச் சொல்லவில்லை. என்னம்மா இது என்று கேட்கவில்லை. அடுத்த பீரியட் மணி அடிக்க அஞ்சு நிமிஷம் இருந்தது. அலமாரிக்குப் போய் ஒரு நாவலை எடுத்தேன். மஞ்சள் சீட்டில் ஒரு வரி எழுதி ஒட்டினேன். "இது உனக்குப் பிடிக்கும்," என்று அவள் கையில் கொடுத்தேன்.

கொடுத்த பிறகு மனசு லேசாகிவிட்டது. அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

நாவலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எழுதியவர் நல்ல மனிதர், நன்றாகத்தான் எழுதியிருந்தார். கதை இதுதான். அப்பாவிடம் தினமும் அடி வாங்கும் பதின்மூன்று வயதுப் பெண் வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். ரயில் நிலையத்தில் பார்சல் அலுவலகத்தில் வேலை செய்யும் ஓர் அக்காவோடு சில நாள் இருக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் அப்பா தேடி வருகிறார். பிளாட்பாரத்தில் எல்லார் முன்னாலும் அழுகிறார், மன்னிப்புக் கேட்கிறார். அவள் அவரோடு வீட்டுக்குப் போகிறாள்.

ஹேமா அந்தப் புத்தகத்தை உடனே திருப்பித் தரவில்லை. இரண்டு நாளில் படித்துவிடும் பெண், "இன்னும் முடிக்கல மிஸ்" என்று மூன்று முறை தேதி போட்டு வாங்கிக்கொண்டு போனாள். நிதானமாகப் படிக்கிறாள், மனசில் இறங்குகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். நான்காவது முறை அவள் வரவில்லை. அவளுக்குப் பதில் அவள் அப்பா வந்தார்.

ஒரு கடிதம்

அன்று சாயங்காலமே என்னைத் தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் தலைமையாசிரியை ஒரு சிஸ்டர். என்னைவிட இளையவர், நேர்மையானவர், ஆனால் போலீஸ் என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து பதறிப்போயிருந்தார். ஹேமாவின் அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நாவல் மேசைமேல்.

"சிஸ்டர், நான் பிரச்சனை பண்ண வரல," என்றார் அவர். "ஸ்கூல் பேரு கெடக் கூடாது. பதினாலு வயசுப் பொண்ணு கையில வீட்ட வுட்டு ஓடிப்போற கதைய குடுத்திருக்காங்க. அத எங்க வூட்டுப் பொம்பளையும் படிச்சிருக்கு. ரெண்டு பேரும் கெளம்பிட்டாங்க. நான் யார கேக்குறது?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மிஸ்."

நான் பேசியதை அப்படியே எழுதுகிறேன். "சிஸ்டர், அந்தப் பொண்ணு கடைசில வீட்டுக்கே திரும்பி வந்துடுது. அப்பாவ மன்னிச்சிடுது. குடும்பத்துக்கு எதிரான புக்கே இல்ல இது. கடைசி அத்தியாயத்தப் படிச்சிப் பாருங்க."

என்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்தக் கடைசி அத்தியாயத்தைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அந்த அத்தியாயம் பிடித்ததே இல்லை. எழுதியவருக்குத் தைரியம் போய்விட்டது என்று நினைத்திருக்கிறேன்.

அவர் தலையசைத்தார். "பாத்தீங்களா? அப்பா மேல தப்பில்லன்னு கதையிலயே வருது. அத அவகிட்ட நீங்க எடுத்துச் சொல்லியிருக்கணும்ல?"

மேசைமேல் விரிந்து கிடந்த பக்கத்தில் சிவப்புக் கோடுகள். அவற்றைப் பார்த்துக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தேன். "சார், உங்க பொண்ணு கையில இருந்த கோட்ட நான் பாத்தேன்" என்று ஒரு வாக்கியம். அது நாக்குவரை வந்தது. சொன்னால், பார்த்த அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று சிஸ்டர் கேட்பார். வாக்கியத்தை விழுங்கினேன்.

வெள்ளைத் தாள் வந்தது. இந்தப் புத்தகம் மாணவியின் வயதுக்குப் பொருந்தாதது, அதைப் பரிந்துரைத்தது என் கவனக்குறைவு, இனி இப்படி நடக்காது. சிஸ்டர் சொல்லச் சொல்ல எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். பழக்கத்தில் கீழே பூ போடப் போய், பாதி இதழோடு நிறுத்தினேன்.

அவர் கடிதத்தை இரண்டு முறை படித்து, நாலாக மடித்து, பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். போகும்போது, "நன்றி டீச்சர்," என்றார்.

அதற்குப் பிறகு என் கோடைப் பட்டியல் சிஸ்டரின் கையெழுத்து இல்லாமல் வாசலில் ஏறவில்லை. அவர் சில நாவல்களை அடிப்பார். நான் வாதாட மாட்டேன். வருஷத்துக்கு வருஷம் பட்டியல் சுருங்கியது. கடைசி வருஷம் நானே அவர் அடிக்கக்கூடியதை எல்லாம் விட்டுவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தேன். அவருக்கு வேலை மிச்சம்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமை இருந்தது. நான் கொடுத்த ஒரு நாவல், ஒரு தாயையும் மகளையும் அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டது. புத்தகம் தன் வேலையைச் செய்துவிட்டது. கையெழுத்துப் போட்ட அவமானத்தை இந்தப் பெருமையைக் கொண்டு மூடி வைத்திருந்தேன். ஓய்வு பெறும் நாளில் பிள்ளைகள் மாலை போட்டபோதுகூட, அதை நினைத்துக்கொண்டுதான் நின்றேன்.

ஜெராக்ஸ் கடையில்

ஓய்வு பெற்ற பிறகு என் முழங்கால்கள் என்னைக் கோரிமேட்டுக்கும் வீட்டுக்குமாக இழுத்துக்கொண்டிருக்கின்றன. அங்கே இருப்பது பெரிய ஆஸ்பத்திரி. விழுப்புரம், திண்டிவனம், கடலூர் என்று எங்கிருந்தோ விடிகாலையிலேயே பஸ் பிடித்து வந்து இறங்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. கால்வலிக்கு வைத்தியம் பார்க்க வந்து, வரிசையில் நின்று இன்னொரு கால்வலி.

இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு நாள், பழைய ரிப்போர்ட் எல்லாம் ஒரு காப்பி வேண்டும் என்றார்கள். எதிர்ச்சாரியில் இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மெஷின் முன்னால் ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கலாம். என் பைலை வாங்கிப் பெயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க லைப்ரரி மிஸ்ஸுதானே?"

"ஆமா. நீங்க யாரோட அம்மா?"

"ஹேமா. ஹேமலதா. அரியாங்குப்பம்."

ஸ்டூலை இழுத்துப் போட்டார், உட்கார்ந்தேன். அவர் பெயர் செல்வி. அதற்குமுன் நான் அவரைப் பார்த்ததில்லை; என் பெயரை ஹேமா வீட்டில் சொல்லியிருக்கிறாள். பெற்றோர் கூட்டத்துக்கு எப்போதும் அப்பாதான் வருவார்.

"எங்க இருக்கீங்க?" என்றேன்.

"இங்கதான் மிஸ். ஸ்டேட் பார்டர் தாண்டி அந்தப் பக்கம் ஒரு ரூம். மொதல்ல விழுப்புரத்துல எங்க அக்கா வூட்டுக்குப் போனோம். அவுரு அங்க வந்துட்டாரு. அப்பறம் கொஞ்ச நாள் வேற ஒருத்தங்க வூடு. இப்போ கேஸு நடக்குது. கோர்ட்டுக்கு வந்தா பாப்போம். சட்டைய இஸ்திரி போட்டுத்தான் வராரு."

பேசிக்கொண்டே என் தாள்களை ஒவ்வொன்றாக வைத்து எடுத்தார். மெஷினின் வெளிச்சம் அவர் கையில் ஓடி ஓடி மறைந்தது. நடுவில் ஒருவர் ரேஷன் கார்டோடு வந்தார், இன்னொருவர் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு. அவர்களை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்புவார்.

எனக்கு அந்தப் பெருமை வாய்வரை வந்துவிட்டது. "அந்த நாவல்..." என்று ஆரம்பித்தேன். "ஹேமா அப்பா அத எடுத்துகிட்டு ஸ்கூலுக்கு வந்தாரு. அதப் படிச்சித்தான் நீங்க ரெண்டு பேரும் கெளம்புனீங்கன்னு..."

"அதப் படிச்சிட்டா?" செல்வி மெஷின் மூடியைப் பிடித்தபடி நின்றார். "இல்ல மிஸ். அதுக்கு முன்னாடியே நான் கெளம்பலாம்னு இருந்தேன். துணிகூட எடுத்து வச்சிட்டேன். அப்போதான் ஹேமா அந்த புக்க எங்கிட்ட குடுத்தா. அவ ஒரே நாள்ல படிச்சிட்டா. 'அம்மா, நீ படி'ன்னா. வேற ஒண்ணும் சொல்லல."

"நீங்க படிச்சீங்களா?"

"சீட்டுல கடைசிவரைக்கும் படின்னு எழுதியிருந்தீங்களே. படிச்சேன். ரெண்டு தடவ படிச்சேன். கடைசில அந்தப் பொண்ணோட அப்பா ஸ்டேசன்ல நின்னு அழுவுறாரு இல்ல? அதப் படிச்சிட்டு எனக்கும் அழுக வந்துடுச்சி. இவுரும் ஒருநாள் அப்படி அழுவாருன்னு நெனைச்சேன். எடுத்து வச்ச துணிய மறுபடி பீரோல வச்சிட்டேன். ஒரு மாசம் கூடவே இருந்தேன்."

மெஷின் ஒரு தாளைத் துப்பியது. அவர் அதை எடுத்து மற்றவற்றோடு சேர்த்துத் தட்டி அடுக்கினார்.

"அந்த மாசத்துலதான் அவ காதுல அடி. கணக்குல ரெண்டு மார்க்கு கொறைஞ்சதுக்கு. எடது காது. அன்னிக்கே கெளம்பிட்டோம். காத காட்டத்தான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தது. வந்து போயி வந்து போயி, இந்தக் கடையில ஆள் வேணும்னாங்க. சேந்துட்டேன்."

அத்தனை வருஷமாக நான் மடித்து வைத்திருந்த பெருமை, கடைவாசலில் பஸ் கிளப்பிய தூசியோடு போய்விட்டது. அந்த நாவல் அவர்களை வெளியே கொண்டுவரவில்லை. உள்ளே நிறுத்தி வைத்திருந்தது.

"புக்கு மேல தப்பில்ல மிஸ்," என்றார் செல்வி. என் முகம் எப்படி இருந்ததோ. "நீங்க அவகிட்ட குடுத்தீங்க. அவ எங்கிட்ட குடுத்தா. யாரும் வாயத் தொறக்கல. நான் யாருகிட்ட குடுக்கறது, சொல்லுங்க? பொடவைக்கு அடியில வச்சேன்."

பிறகு, இன்னொருவருடைய ஆதார் கார்டை மெஷினில் வைத்தபடியே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"தெரிஞ்சுதானே மிஸ் அந்த புக்க குடுத்தீங்க?"

"ஆமா. கையில இருந்தத பாத்தேன்."

"கேட்டிருக்கலாமே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பயமா இருந்துச்சி செல்வி," என்றேன். "கேட்டா, அப்பறம் எதாவது செய்யணும். அந்தப் பயம்."

அவர் ஆதார் கார்டைத் துடைத்து, வந்தவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

"எனக்குந்தான் மிஸ். அவ்ளோ வருசம்."

அஞ்சு மணிக்கு

என் தாள்களை ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தார். கிளம்ப எழுந்தேன். "ஹேமா அஞ்சு மணிக்கு இங்க வருவா," என்றார். "டியூஷன் போறதுக்கு முன்னாடி டீ குடிச்சிட்டுப் போவா. பிளஸ் டூ. கால் வலிக்கலன்னா இருந்து பாத்துட்டுப் போங்க. அவ கதை புக்கெல்லாம் இப்போ தொடறது இல்ல. அத மட்டும் கேக்காதீங்க."

கால் வலித்தது. மணி நாலுகூட ஆகவில்லை. உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த ஸ்டூலில் இருந்தேன். கையில் படிக்க ஒன்றும் இல்லை. ரிப்போர்ட்டுகளை நீட்டியபடி ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு கிழவர் தன் எக்ஸ்ரேயையும் ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். செல்வி அவருக்குப் பொறுமையாக விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் இப்படித்தான் சொல்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் அப்படித்தான் சொன்னார்.

ஹேமா வந்தாள். உயரமாகியிருந்தாள். தலைமுடியை இடது காதை மறைத்து விட்டிருந்தாள். தோளில் கனமான பை. நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை.

"எடது பக்கம் நின்னு கூப்டா தெரியாது மிஸ்," என்றார் செல்வி உள்ளேயிருந்து. "இந்தப் பக்கம் வந்து பேசுங்க."

ஸ்டூலைப் பிடித்து எழுந்து, சுற்றிக்கொண்டு, அவளுடைய வலது பக்கம் போய் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிய ஒரு நொடி ஆனது. தெரிந்ததும் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. என் கைகளைத்தான் முதலில் பார்த்தாள். ஏதாவது புத்தகம் வைத்திருக்கிறேனா என்று பார்த்தாள் போல.

"ஹேமா, எப்படிம்மா இருக்க?" என்றேன்.

"நல்லா இருக்கேன் மிஸ்." உடனே வந்த பதில். எல்லோருக்கும் சொல்கிற பதில்.

நான் நகரவில்லை. "சும்மா கேக்கலம்மா," என்றேன். "எப்படி இருக்க?"

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். செல்வி மெஷினில் காகிதம் நிரப்பிக்கொண்டிருந்தார். டீக்கடைப் பையன் எங்களுக்கு நடுவில் இரண்டு கிளாஸை வைத்துவிட்டுப் போனான்.

"சொல்றதுன்னா நெறைய இருக்குது மிஸ்," என்றாள். "உங்களுக்கு பஸ்ஸுக்கு டைம் ஆவல?"

"ஆவல," என்றேன்.

அவள் பையைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்தாள்.